கொழுப்பு மருந்தும் கண்புரையும்

குருதிக் கொழுப்பைக் குறைக்க 1960-இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது டிரைபாரனால். உடல் கொலஸ்டிராலை ஆக்கும் கடைசிப் படியை அது தடுத்தது. அதனால் முந்திய பொருளான டெஸ்மோஸ்டிரால் உடலில் தேங்கிற்று. உண்டோர் சிலருக்கு முடி உதிர்ந்தது, கண்ணிற் புரை படர்ந்தது. விலங்குச் சோதனையிலே தெரிந்த தீங்கை நிறுவனத்தார் மறைத்தனர். குரங்குகள் பற்றிய குறிப்பை மாற்றியெழுதப் பணிக்கப்பட்ட ஆய்வுக்கூடப் பெண்மணி ஒருவர் வேலையினின்றும் விலகினார். அவர் கணவர் இதனைத் தம்முடன் ஒரே காரில் வேலைக்குச் செல்பவரிடம் கூறினார்; கேட்டவரோ அரசாங்க மருந்து ஆய்வாளர்! 1962 ஏப்பிரலில் மருந்து மீட்டுக்கொள்ளப்பட்டது.

ஜப்பானியர் அகிரா எண்டோ 1973-இல் பூஞ்சணத்திற் கண்ட ஸ்டாட்டின் இனம் தொடக்கப் படியொன்றையே தடுப்பது. அத்தகைய தேக்கம் இல்லை. எனினும் 2001-இல் அவ்வினத்துச் செரிவாஸ்டாட்டின் தசையைச் சிதைத்து உயிர் குடித்ததால் கைவிடப்பட்டது. மலேசியச் சீனர் சமையலில் இடும் சிவப்பு ஈஸ்ட் அரிசியிலும் ஸ்டாட்டின் பொருள் இருக்கக்கூடும். மாத்திரையோடு அதனையும் உண்போர்க்கு மருந்தளவு கூடிவிடும்.