எல்லை கடந்த குற்றமும் எல்லை கடக்கக் கற்ற சட்டமும்

மனிதனை மனிதன் விலை பேசும் கொடுமை மிகப் பழையது. அடிமைச் சந்தைகள் மூடப்பட்ட பின்னரும் அக்கொடுமை மாளவில்லை. வேடத்தை மட்டுமே மாற்றிக்கொண்டது. வேலை வாங்கித் தருவதாகவும் மணம் முடித்து வைப்பதாகவும் ஆசை காட்டி, ஏழை எளியோரை ஊர்விட்டு ஊர் கொண்டுசென்று, அவர்தம் உழைப்பையும் உடலையும் விற்றுப் பொருளீட்டும் வணிகம் இன்றும் நடைபெற்று வருகின்றது. இவ்வணிகத்தின் வலிமை எதில் அடங்கியிருக்கின்றது? ஒரு நாட்டில் ஆள் பிடித்து, இன்னொரு நாட்டின் வழியே கொண்டுசென்று, மூன்றாவது நாட்டில் விற்பதில்தான். வணிகனுக்கு எல்லைக்கோடு கேடயமாகின்றது; வழக்குத் தொடுப்போருக்கோ அதுவே மதிலாகின்றது. அம்மதிலைக் கடக்க உலக நாடுகள் நூறாண்டுக்கு மேலாக மேற்கொண்ட முயற்சிகளின் வரலாறு ஓர் உண்மையை உணர்த்துகின்றது. சட்டம் எழுதுவது எளிது; அதைக் கையாளத் தக்கவர்களை உருவாக்குவதே அரிது.

இரு கரைகளின் பாடம்

தமிழர்க்கு இவ்வரலாறு அயலானதன்று. நீரிணைக் குடியேற்றங்கள் 1867இல் இந்திய ஆட்சியினின்று பிரிக்கப்பட்டன. அதன்பின் சில ஆண்டுகளிலேயே, நாகப்பட்டினத்திலிருந்து பினாங்குக்கு ஆட்களை ஏமாற்றியும் கடத்தியும் கப்பலேற்றுகின்றனர் என்ற முறையீடுகள் தஞ்சை மாவட்டத்தில் எழுந்தன. ஆள் பிடித்தவன் ஒரு கரையில் இருந்தான்; வேலை வாங்கியவன் மறு கரையில் இருந்தான். ஒரு கரையின் சட்டத்தால் மட்டும் இருவரையும் எட்ட இயலவில்லை. இரு கரை அரசுகளும் தனித்தனியே சட்டம் இயற்ற வேண்டியதாயிற்று.

சிங்கப்பூரில் 1877ஆம் ஆண்டு சீனர் பாதுகாப்பு அலுவலகம் நிறுவப்பட்டது. அதன் முதல் பாதுகாவலர் வில்லியம் பிக்கரிங். சீன மொழியைப் பேசவும் படிக்கவும் கற்றிருந்த ஐரோப்பிய அதிகாரி அவர். அதுவரை மொழிபெயர்ப்பாளர் வழியாகவே அரசு கேட்டறிந்த துயரங்களை, அவர் நேரே செவிமடுத்தார். தெரிந்த மொழியில் ஒருவர் வினவும்போதுதான் அஞ்சி நிற்பவர் வாய் திறப்பார் என்பதற்கு இது நல்ல சான்று. ஆயினும் அவ்வலுவலகத்தின் அதிகாரம் துறைமுகத்தோடு முடிந்தது. தென்சீனத்தில் ஆள் சேர்த்த தரகரை அது தொட இயலவில்லை.

பாரிஸ் முதல் பாண்டுங் வரை

1904ஆம் ஆண்டு மே மாதம் பாரிஸ் நகரில் ஐரோப்பிய நாடுகள் ஓர் உடன்பாடு செய்துகொண்டன. ஒவ்வொரு நாடும் பெண் வணிகம் பற்றிய செய்திகளைத் திரட்ட ஓர் அலுவலகத்தை அமைக்க வேண்டும். அவ்வலுவலகங்கள் தமக்குள் நேரடியாகக் கடிதப் போக்குவரத்து வைத்துக்கொள்ளலாம் என்றது அது. அரசதந்திரிகளின் மேசைகளைச் சுற்றிவராமல் ஓர் அலுவலர் மற்றோர் அலுவலருக்கு எழுதலாம் என்னும் இவ்விதியே பிற்காலக் கூட்டுறவுக்கு வித்து. 1910இல் ஏற்பட்ட ஒப்பந்தம் இன்னும் ஓரடி முன்சென்றது. குற்றத்தின் பகுதிகள் வெவ்வேறு நாடுகளில் நிகழ்ந்திருப்பினும் அது தண்டனைக்குரியதே என்று அது வரையறுத்தது.

ஆனால், இவ்வொப்பந்தங்கள் ‘வெள்ளை அடிமை வணிகம்’ என்ற பெயரையே தாங்கியிருந்தன. ஆசியப் பெண்ணின் கண்ணீர் அப்பெயருக்குள் அடங்கவில்லை. 1921இல் ஜெனீவாவில் உருவான ஒப்பந்தம் ‘பெண்கள், குழந்தைகள்’ எனப் பொதுவாகச் சுட்டி அக்குறையை நீக்கியது. எனினும், தம் குடியேற்ற நாடுகளை ஒப்பந்தத்திலிருந்து விலக்கிவைக்கும் உரிமையை அது ஆட்சியாளருக்கு விட்டுவைத்தது. பின்னர் உலக நாடுகள் சங்கத்தின் ஆய்வுக்குழு கீழ்த்திசை நாடுகளில் பயணம் செய்து, இப்பகுதியில் நாடுவிட்டு நாடு விற்கப்பட்டவர்களுள் பெரும்பாலோர் ஆசியப் பெண்களே என்று கண்டறிந்தது. அதன் விளைவாக 1937 பிப்ரவரியில் ஜாவாத் தீவின் பாண்டுங் நகரில் மாநாடு ஒன்று கூடிற்று. நாடுகளின் அலுவலர்கள் நெருங்கி ஒத்துழைக்கவும், பெண் அலுவலர்கள் மிகுதியாகப் பணியமர்த்தப்படவும் அங்கே வழிவகை ஆராயப்பட்டது. அதே ஆண்டு ஜூலையில் சீன ஜப்பானியப் போர் மூண்டது. நல்ல எண்ணங்கள் தாளோடு நின்றன.

பலெர்மோவின் திருப்பம்

இத்தாலியின் சிசிலித் தீவில் மாஃபியாக் கூட்டத்தை எதிர்த்து நின்றவர் விசாரணை நீதிபதி ஜொவானி பால்கோனே. பணம் செல்லும் வழியைப் பின்தொடர்ந்தால் குற்றவாளியின் வாசலை அடையலாம் என்பது அவர் கண்ட முறை. அவ்வழி கடல் கடந்து சென்றமையால் அமெரிக்க வழக்குரைஞர்களோடு கைகோத்தார். பிரேசிலிலிருந்து 1984இல் கொண்டுவரப்பட்ட தொம்மாசோ புஷெத்தாவின் வாக்குமூலம் அவருக்குப் பெருந்துணையாயிற்று. 1987 டிசம்பரில் முடிந்த பெருவழக்கில் 300க்கும் மேற்பட்டோர் தண்டனை பெற்றனர். 1992 மே மாதம் பால்கோனேயும், இரண்டு மாதங்களுக்குள் அவர் தோழர் பவுலோ போர்செலினோவும் வெடிகுண்டுகளுக்கு இரையாயினர்.

அவர்கள் உயிர்நீத்த பலெர்மோ நகரில்தான், 2000 டிசம்பரில், எல்லை கடந்த குற்றங்களுக்கு எதிரான ஐக்கிய நாடுகள் ஒப்பந்தம் கையெழுத்துக்கு வைக்கப்பட்டது. அதனோடு இணைந்த மனித வணிகத் தடுப்பு நெறிமுறை, செயல், வழிமுறை, நோக்கம் என்னும் மூன்று கூறுகளால் குற்றத்தை வரையறுத்தது. வஞ்சித்தோ வற்புறுத்தியோ பெற்ற சம்மதம் சம்மதமாகாது என்றது. 18 வயதுக்குட்பட்டோர்க்கு அவ்வழிமுறையை மெய்ப்பிக்கவும் தேவையில்லை. அந்நெறிமுறையின் பத்தாம் விதி, அலுவலர்களுக்குப் பயிற்சியளிப்பதை நாடுகளின் கடமையாக்கியது. பயிற்சி என்னும் சொல் சட்டத்தின் உடலுக்குள் இடம்பெற்றது இதன் சிறப்பு.

வாங் கெலியான் உரைப்பது

தென்கிழக்காசிய நாடுகள் 2004இல் குற்றவியல் வழக்குகளில் ஒன்றுக்கொன்று உதவும் உடன்படிக்கையைக் கோலாலம்பூரில் செய்தன. மலேசியா 2007இலும் சிங்கப்பூர் 2014இலும் மனித வணிகத் தடுப்புச் சட்டங்களை இயற்றின. ஆசியான் ஒப்பந்தம் 2015 நவம்பரில் கையெழுத்தாயிற்று.

அதே 2015ஆம் ஆண்டின் மே மாதத்தில்தான், பெர்லிஸ் மாநிலத்து வாங் கெலியான் மலைக்காட்டில் 139 புதைகுழிகளும் 28 முகாம்களும் கண்டுபிடிக்கப்பட்டன. ரோஹிங்யாக்களும் வங்காளதேசத்தவரும் அவ்வழியே கொண்டுவரப்பட்டவர்கள். எல்லையின் மறுபுறம் தாய்லாந்து நடத்திய வழக்கில், 2017 ஜூலையில் ஒரு படைத்தலைவர் உட்பட 60க்கும் மேற்பட்டோர் குற்றவாளிகளெனத் தீர்ப்பாயிற்று. தாய்லாந்து ஒப்படைத்த நால்வர் கங்கார் நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டதோ 2023 ஜூனில். ஒரு மலையைக் கடக்க நீதிக்கு எட்டாண்டுகள் வேண்டியிருந்தன.

இத்தாமதத்தைக் குறைக்கும் கருவியே பயிற்சி. மலேசியாவும் சிங்கப்பூரும் ஆங்கிலேயச் சட்டமரபைப் பின்பற்றுவன. தாய்லாந்தும் இந்தோனேசியாவும் ஐரோப்பியக் கண்டத்து மரபைத் தழுவியன. ஒரு நாட்டில் முறையாகப் பெற்ற வாக்குமூலம் மற்றொரு நாட்டு நீதிமன்றத்தில் செல்லாமற் போகக்கூடும். ஆகவே, 2010இல் ஆசியான் வெளியிட்ட கைந்நூல், வேண்டுகோள் எவ்வாறு எழுதப்பட வேண்டும், எதைக் காவலர் வழி விரைந்து கேட்கலாம், எதை முறைப்படி மைய அலுவலகத்தின் வழியே பெறவேண்டும் என்று விளக்கியது. இவற்றைக் கற்ற அரசு வழக்குரைஞர், அயல்நாட்டார் ஏற்கும் வடிவில் தம் கோரிக்கையை அனுப்புவார். வங்கிக் கணக்கின் தடத்தையும் பற்றிச் செல்வார்.

இவையனைத்தினும் மேலான பாடம் ஒன்றுண்டு. பயண ஏடில்லாமல் பிடிபட்ட ஒருவர் குடிநுழைவுக் குற்றவாளியா, விற்கப்பட்ட மனிதரா என்று பகுத்தறிவதே அது. பகுத்தறியத் தவறினால், அவர் தடுப்பு முகாமிலிருந்து நாடு கடத்தப்படுவார். அவரோடு வழக்கின் சாட்சியமும் கப்பலேறிவிடும்; வணிகன் அடுத்தவரைத் தேடிப் புறப்படுவான். அவரை அமரவைத்து, அவர் மொழியில் கேட்டு, அச்சம் தெளிந்தபின் வாக்குமூலம் பெற்றால், அவரே நீதியின் முதல் தூணாவார்.

பிக்கரிங் கற்ற மொழியும், பால்கோனே தொடர்ந்த தடமும், பாண்டுங்கில் பேசி நின்றுபோன ஒத்துழைப்பும் ஒரே உண்மையைத்தான் மொழிகின்றன. ஒப்பந்தத்தாள் தானாக எல்லையைக் கடப்பதில்லை. கற்றறிந்த மனிதரின் கையில்தான் அது கடக்கும். ஓர் இளம் வழக்குரைஞர் பயிற்சிக் கூடத்தில் செலவிடும் நாள், எங்கோ பூட்டிய அறையில் காத்திருக்கும் ஒருவரின் விடுதலையை ஒரு நாள் முன்னே கொண்டுவரும்.