ரங்கூன் மதரசாக்கள்: ஒழுக்கக் கல்வி பற்றிய ஒரு குறிப்பு

2017 ஏப்ரல் இறுதியில், யாங்கோனின் தாக்கேத்தா பகுதியில் இரண்டு மதரசாக்கள் பூட்டப்பட்டன. வாசலில் திரண்ட பௌத்த தேசியவாதக் கும்பலுக்கு அதிகாரிகள் பணிந்தனர். பின்னர், ரமழானில் தெருவில் நின்று தொழுதமைக்கு வழக்கு வந்தது. அங்கே பிள்ளைகள் கற்றது என்ன என்ற கேள்வி இந்த ஆரவாரத்தில் அமுங்கிப் போயிற்று.

இஸ்லாமியக் கல்வி மரபில் 'அதபு' என்பது தனியொரு பாடமல்ல. கற்றவன் நடந்துகொள்ளும் முறை. (அரபியில் இலக்கியத்துக்கும் இதே சொல். என்னோடு தொழிற்சாலையில் நிற்கும் துருக்கியர் யாரையாவது வைவதானால் 'எதெப்சிஸ்', அதாவது அதபு அற்றவன், என்பார்.) 1111இல் மறைந்த இமாம் கஸ்ஸாலி, குழந்தையின் உள்ளத்தை எதையும் பதித்துக்கொள்ளும் மாசற்ற மணியாகக் கண்டார். பந்தியில் முந்திக் கை நீட்டாதே, தகப்பனின் செல்வத்தைக் காட்டிப் பெருமை பேசாதே, பெரியவர் வந்தால் எழுந்து இடம்விடு: இவை செய்து செய்தே படியும், உபதேசத்தால் அல்ல என்பது அவர் வாதம். தீய சகவாசத்திலிருந்து விலக்குவதே பிள்ளை வளர்ப்பின் வேர் என்றார். பாடம் முடிந்ததும் விளையாட விடாவிட்டால் பிள்ளையின் மனம் செத்துவிடும் என்றும் எழுதினார். நமது யாழ்ப்பாணத்து ரியூஷன் கொட்டில்களை நினைத்துக்கொள்க!

இம்மரபை ரங்கூனுக்குக் கொண்டுசென்றோருள் தமிழரும் உளர். 1931 குடிசனக் கணக்கின்படி அந்நகரில் பாதிக்கு மேற்பட்டோர் இந்தியர். சோழமண்டலக் கரையிலிருந்து சென்ற முஸ்லிம்கள் 'சூலியா' எனப்பட்டனர். அப்பெயரில் பள்ளிவாசல் இன்றும் அங்குண்டு. கீழக்கரையிலும் இலங்கையிலும் மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) போன்றோர் மார்க்கக் கடமைகளை அரபு எழுத்தில், ஆனால் தமிழில், எழுதிவைத்தனர். சைவத்தையும் தமிழையும் ஒன்றாகவே உச்சரிக்கும் நமது இலக்கிய வரலாறு இந்த அரபுத்தமிழுக்கு எத்தனை பக்கம் ஒதுக்கியது? 1990 ஒக்டோபரில் யாழ்ப்பாண முஸ்லிம்களைப் புலிகள் வெளியேற்றியபோது வெறிச்சோடிய ஓதற்பள்ளிகளும் இந்த மரபினவே.

பர்மாவில் 1962 இராணுவப் புரட்சிக்குப் பின், 1964இல் கடைகளும் 1965இலிருந்து தனியார் பாடசாலைகளும் அரசுடைமையாகின. இந்தியர் பெருந்தொகையாகத் திரும்பினர். எஞ்சிய முஸ்லிம் பிள்ளைகளுக்கு அரச பாடசாலைக்கு வெளியே மதரசாவே மிஞ்சியது.

பர்மியக் குழந்தைகள் மனனம் செய்யும் மங்கல சூத்திரத்தில் முப்பத்தெட்டு மங்கலங்கள் உள்ளன. முதலாவது, மூடரோடு சேராதிருத்தல். பெற்றோரைப் பேணல், பணிவு, ஆசிரியர் போன்றோரை மதித்தல் எல்லாம் அதில் உண்டு. கஸ்ஸாலியின் பட்டியலோடு ஒப்பிட்டால் வேறுபாடு சொற்பமே. பௌத்த மடாலயப் பாடசாலைகளை அரசு அங்கீகரித்து, தன் பாடத்திட்டத்தையே அங்கு கற்பிக்க விடுகிறது. தாக்கேத்தாவில் பூட்டுப் போட்டது.