சீமாஸ் சுற்றுகளில் மின்சிக்கனம்

சீமாஸ் என்பது எதிரெதிர்க் குணமுள்ள இருவகை டிரான்சிஸ்டர்களை இணை சேர்த்துச் சில்லு அமைக்கும் முறை. ஒன்று திறந்திருக்கையில் மற்றது மூடியிருக்கும். ஆகவே நிலை மாறும் கணத்தில்தான் மின்சாரம் செலவாகிறது. சும்மா இருக்கும் சுற்று ஏறக்குறைய எதையும் இழுப்பதில்லை. 1963இல் ஃபேர்சைல்டு நிறுவனத்தில் ஃபிராங்க் வான்லாஸ் இதை உருவாக்கினார்.

வேகம் போதாது என்று கணினி உலகம் இதைப் பல காலம் ஒதுக்கியே வைத்திருந்தது. அருமையை முதலில் அறிந்தவர்கள் கைக்கடிகாரம் செய்தவர்கள். குவார்ட்ஸ் படிகம் நொடிக்கு 32,768 முறை அதிரும். அதை 15 முறை பாதியாக்கினால் நொடிக்கு ஒரு துடிப்பு கிடைக்கும். இத்தனையும் பொத்தான் அளவு மின்கலத்தில் ஓராண்டுக்கு மேல் ஓட வேண்டும். சுவிட்சர்லாந்தின் நியூஷாட்டெல் நகரில் எரிக் விட்டோஸ் இதற்காகவே உழைத்தார். டிரான்சிஸ்டர் முழுதாகத் திறக்கும் முன்பே கசியும் நுண்மின்னோட்டத்தை வேலைக்கு அமர்த்தும் சுற்றுகளை 1977இல் அவரும் சக ஆய்வாளர் ஃபெல்ராத்தும் வெளியிட்டனர். இத்துறையின் மிக அழகிய சிந்தனைகளுள் அது ஒன்று.

1978இல் ஹிட்டாச்சியின் நினைவகச் சில்லு வேகத்திலும் சீமாஸ் சளைத்ததல்ல என்று காட்டியது.

நிலைமாற்றத்தில் செலவாகும் ஆற்றல் மின்னழுத்தத்தின் இருமடிக்கு ஏற்ப அமையும். மின்னழுத்தம் பாதியானால் செலவு கால்பங்காகும். ஆனால் வேகமும் குறையும். சென்னையில் பிறந்த அனந்த சந்திரகாசன், பெர்க்லியில் ஷெங், பிராடர்சன் ஆகியோருடன் 1992இல் எழுதிய கட்டுரை இதற்கு வழி சொன்னது: ஒரு சுற்று விரைந்து செய்வதை இரண்டு சுற்றுகள் நிதானமாகச் செய்யட்டும். அவர்களுடைய எடுத்துக்காட்டில் மின்னழுத்தம் 5 வோல்ட்டிலிருந்து 2.9 ஆனது, சில்லில் பிடிக்கும் இடம் 3.4 மடங்கானது, மின்செலவோ 36 விழுக்காடாக இறங்கியது. இடத்தைக் கொடுத்து மின்சாரத்தை மிச்சம் பிடிப்பது அன்று துணிச்சலான பேரம். 2004இல் இன்டெல் தன் அடுத்த ஒற்றைக்கரு பென்டியம் திட்டத்தைக் கைவிட்டு இரட்டைக்கருச் சில்லுகளுக்கு மாறியதும் இதே வழியில்தான்.

அதற்குள் டிரான்சிஸ்டர்கள் மிகச் சிறிதாகிவிட்டதால், சும்மா இருக்கும்போது கசியும் மின்சாரமே பெரும் செலவாகியிருந்தது. டிரான்சிஸ்டரைத் திறந்து மூடும் முனையான வாயிலின் அடியிலுள்ள மின்காப்புப் படலம் சில அணுக்களின் தடிப்புக்கு மெலிந்ததால், 2007இல் சிலிக்கன் ஆக்சைடின் இடத்துக்கு ஹாஃப்னியம் சேர்மம் வந்தது. 2012இல் விற்பனைக்கு வந்த 22 நானோமீட்டர் சில்லுகளில் மின்னோட்டப் பாதை மீன்துடுப்புபோல் எழுந்து நிற்க, வாயில் அதை மூன்று பக்கமும் கவ்வியது. இன்னொரு தடை அப்படியே இருக்கிறது: அறை வெப்பநிலையில் இவ்வகை டிரான்சிஸ்டரின் கசிவைப் பத்தில் ஒன்றாக்க வாயிலில் குறைந்தது 60 மில்லிவோல்ட் மாற்றம் வேண்டும். வெப்ப இயற்பியல் வகுத்த இந்த எல்லை, டிரான்சிஸ்டரை எவ்வளவு சிறிதாக்கினாலும் மாறாது.