எம்பிரஸ் (சொகுசுக் கப்பல்)

எம்பிரஸ் என்பது 1990-ல் பிரான்சு நாட்டில் கட்டப்பட்டு, கரீபியக் கடலிலும் ஐரோப்பாவிலும் முப்பது ஆண்டுகள் ஓடிய பின் இந்தியாவுக்கு வந்த சொகுசுக் கப்பல். மும்பையை முதன்மைத் துறைமுகமாகக் கொண்டு ஓடும் இது, 2022 ஜூனில் முதன்முதலாகச் சென்னையிலிருந்து பயணிகளை ஏற்றிச் சென்றது. தமிழ்நாட்டில் இதன் சொந்தப் பெயரைச் சொல்பவர்கள் குறைவு. நடத்தும் நிறுவனத்தின் பெயரைக் கொண்டு 'கார்டிலியா கப்பல்' என்றே செய்தித்தாள்களும் மக்களும் சொல்கிறார்கள். ஒலக்கூர், திண்டிவனம், மரக்காணம் வட்டாரத்துக்குப் பக்கத்துப் பெருநகரம் புதுச்சேரிதான். அந்தப் புதுச்சேரிக் கடலில் 2022-ல் பயணிகளை இறக்க வழியில்லாமல் இது நின்றபோதுதான் இந்தப் பக்கத்து மக்கள் பலர் இதைக் கேள்விப்பட்டார்கள்.

ஊர் விட்டு ஊர் போவதற்காக ஓடும் கப்பல் அல்ல இது. இரண்டு மூன்று நாள் கடலில் வைத்துச் சாப்பாடு போட்டு, ஆட்டம் பாட்டம் காட்டி, பெரும்பாலும் ஏற்றிய இடத்திலேயே இறக்கிவிடும். இந்த வேலைக்கென்றே வரைபடத்திலிருந்து திட்டமிடப்பட்ட முதல் கப்பல்களில் ஒன்று என்பதுதான் கப்பல் வரலாற்றில் இதற்குள்ள இடம். அதுவரை குறும்பயணங்களுக்கு, நெடும்பயணம் ஓடி ஓய்ந்த பழைய கப்பல்களையே பயன்படுத்தினார்கள்.

கட்டுமானம்

அட்மிரல் குரூசஸ் என்ற அமெரிக்க நிறுவனம் 'ஃபியூச்சர் சீஸ்' என்ற பெயரில் இந்தக் கப்பலைக் கட்டக் கேட்டிருந்தது. வேலை முடிவதற்குள் அந்த நிறுவனம் 1988-ல் ராயல் கரீபியனோடு இணைந்துவிட, கப்பலின் பெயர் 'நார்டிக் எம்பிரஸ்' என்று மாறியது. லுவார் ஆறு அட்லாண்டிக் கடலில் கலக்கும் சென்நசேர் நகரத்தின் கப்பல் கட்டும் தளத்தில் இது உருவானது. 1989 ஆகஸ்டில் நீரில் இறக்கப்பட்டு, 1990-ல் சேவைக்கு வந்தது.

நீளம் சுமார் 211 மீட்டர், அகலம் 31 மீட்டருக்குச் சற்றுக் குறைவு. மொத்தக் கொள்ளளவு 48,563 டன். இந்த 'டன்' எடையைக் குறிப்பதல்ல. கப்பலுக்குள் எவ்வளவு இடம் அடைபட்டிருக்கிறது என்பதற்கான அளவு. இதைப் பிழையாக எடை என்று எழுதாத தமிழ்ச் செய்தி அரிது. அறைக்கு இருவர் என்று கணக்கிட்டால் சுமார் 1,600 பயணிகள் தங்கலாம். நீருக்குள் அமிழ்ந்திருக்கும் ஆழம் ஏழு மீட்டருக்கு மேல். கடைசியாகச் சொன்ன இந்த அளவை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. புதுச்சேரிக் கதைக்கு அது தேவைப்படும்.

1990-ல் கப்பலுக்குப் பெயர் சூட்டியவர் பாடகி குளோரியா எஸ்தெஃபான். கியூபாவின் ஹவானாவில் பிறந்து, சிறுவயதிலேயே அமெரிக்காவில் குடியேறியவர் அவர். மயாமியிலிருந்து பஹாமாஸ் தீவுகளுக்கு மூன்று நாள், நான்கு நாள் பயணங்களாகக் கப்பல் ஓடத் தொடங்கியது.

சாப்பாட்டுக் கூடம்

இப்படிப்பட்ட கப்பலின் நடுநாயகம் எஞ்சின் அறையோ மாலுமி மேடையோ அல்ல, சாப்பாட்டுக் கூடம். நார்டிக் எம்பிரஸில் அதற்கு 'கார்மென்' என்று பெயர். கப்பலின் பின்புறத்தில் இரண்டு அடுக்காக, கண்ணாடிச் சுவர் வைத்துக் கட்டியிருந்தார்கள். உட்கார்ந்து சாப்பிடும்போது கப்பல் கிழித்துவந்த நுரைப்பாதை பின்னால் நீண்டுகொண்டே போவது தெரியும். எல்லாரும் ஒரே நேரத்தில் உட்கார இடமிருக்காது என்பதால், பழைய கப்பல் வழக்கப்படி முதல் பந்தி, இரண்டாம் பந்தி என்று இரவு உணவைப் பிரித்தார்கள். பந்திக்கு முந்துகிறவர்களுக்கு அங்கே வேலையில்லை. யாருக்கு எந்த நேரம், எந்த மேசை என்பது முன்பே எழுதிவைக்கப்பட்டிருக்கும்.

கப்பல் சமையலறைக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. கடலில் தண்ணீரைவிடப் பெரிய பயம் தீ. அதனால் இக்காலப் பயணிகள் கப்பல்களில் தீச்சுவாலை தெரிய எரியும் அடுப்பைத் தவிர்த்து, எல்லாவற்றையும் மின்சாரத்தில் சூடாக்குகிறார்கள். தோசையாக இருந்தாலும் ரொட்டியாக இருந்தாலும் மின்சாரக் கல்லில்தான்.

இந்தச் சமையலறையே ஒருமுறை கப்பலைக் கரையில் உட்கார வைத்தது. 2008-ல் ராயல் கரீபியன் இக்கப்பலைத் தன் துணை நிறுவனமான ஸ்பெயினின் புல்மந்தூருக்கு மாற்றியது. எட்டு ஆண்டு கழித்து 2016-ல் திரும்ப எடுத்துக்கொண்டபோது, சமையலறையின் நிலை அமெரிக்கப் பொதுச் சுகாதார விதிகளுக்கு ஈடுகொடுக்காது என்று தெரிந்தது. அறிவித்திருந்த பயணங்களை வரிசையாக ரத்துசெய்து, சமையலறையைப் புதுப்பித்த பிறகே அந்த ஆண்டு மே இறுதியில் மீண்டும் பயணிகளை ஏற்ற முடிந்தது. எஞ்சின் பழுதால் நின்ற கப்பல்கள் நிறைய உண்டு. அடுக்களையால் நின்றது இது.

பெயர் மாற்றங்கள்

1990-ல் நார்டிக் எம்பிரஸ், 2004-ல் எம்பிரஸ் ஆஃப் தி சீஸ், 2008-ல் வெறும் எம்பிரஸ், 2016-ல் மறுபடியும் எம்பிரஸ் ஆஃப் தி சீஸ், இந்தியாவுக்கு வந்தபின் மறுபடியும் எம்பிரஸ். முன்னும் பின்னும் என்ன ஒட்டினாலும் அரசி அரசியாகவே இருந்துவிட்டாள்.

இதற்கிடையில் 2017 ஏப்ரலில் கப்பல் ஹவானாவுக்குப் போனது. கியூபா சென்ற முதல் ராயல் கரீபியன் கப்பல் இதுதான். புதிதாக வந்த ராட்சதக் கப்பல்களுக்கு ஹவானாத் துறைமுகம் போதாது. சிறிய கப்பல் என்பதே இதற்கு வாய்ப்பாகியது. பெயர் சூட்டியவர் பிறந்த ஊரை 27 ஆண்டுகள் கழித்துக் கப்பல் எட்டிப்பார்த்தது. 2019 ஜூனில் அமெரிக்க அரசு கியூபாவுக்கான கப்பல் பயணங்களைத் தடைசெய்ததும் அந்த வழி அடைபட்டது. அடுத்த ஆண்டே கொரோனா வந்து உலகம் முழுக்கச் சொகுசுக் கப்பல்களை நங்கூரத்தில் நிறுத்தியது. 2020 டிசம்பரில் ராயல் கரீபியன் எம்பிரஸை விற்றது.

இந்தியாவுக்கு வருகை

அந்த நேரத்தில் முப்பது வயதுக் கப்பலுக்கு வழக்கமான முடிவு குஜராத்தின் அலங் கடற்கரைதான், கப்பல்களை உடைக்கும் இடம். மும்பையிலிருந்து 2019-ல் ஓடத் தொடங்கிய ஜலேஷ் நிறுவனத்தின் 'கர்ணிகா' அடுத்த ஆண்டே அங்கே போய்ச் சேர்ந்தது. அதுவும் 1990-ல் சேவைக்கு வந்த கப்பல்தான். எம்பிரஸ் தப்பியது. ஜலேஷின் தலைவராக இருந்த யூர்கன் பைலோமே எம்பிரஸை நடத்தவந்த கார்டிலியாவுக்கும் தலைவரானார். ரயில்வேயின் ஐஆர்சிடிசி டிக்கெட் விற்பனையில் கைகோத்தது. 2021 செப்டம்பரில் மும்பையிலிருந்து முதல் பயணம் புறப்பட்டது.

தொடக்கம் நல்லபடியாக அமையவில்லை. 2021 அக்டோபர் 2 அன்று போதைப்பொருள் தடுப்புப் பிரிவினர் மும்பையில் கப்பலில் சோதனை நடத்தினர். கைதானவர்களில் புகழ்பெற்ற இந்தி நடிகரின் மகனும் இருந்ததால், நாடு முழுக்க அது சில வாரங்களுக்கு வேறு செய்தியே இல்லை என்ற அளவுக்குப் பேசப்பட்டது. 2022 மே மாதக் குற்றப்பத்திரிகையில் அந்த மகனின் பெயர் சேர்க்கப்படவில்லை. அதற்கு முன், 2022 ஜனவரியில் மும்பை–கோவா பயணத்தில் 66 பேருக்குக் கொரோனா உறுதியாகி, கப்பல் மும்பைக்கே திருப்பி அனுப்பப்பட்டது.

சென்னையில்

தமிழர்களுக்குக் கப்பல் பயணம் புதிதல்ல. 1926-ல் கட்டப்பட்ட 'ரஜுலா' சென்னை, நாகப்பட்டினத்திலிருந்து பினாங்கு, சிங்கப்பூருக்கு அரை நூற்றாண்டுக்குக் கொஞ்சம் குறைவாக ஆட்களைச் சுமந்தது. அதன் இடத்துக்கு வந்த 'சிதம்பரம்' 1985 பிப்ரவரியில் கடலில் தீப்பிடித்து, உயிர்ச்சேதத்தோடு சேவையை முடித்துக்கொண்டது. 'பாஸ்தேர்' என்ற பெயரில் அதுவும் பிரான்சில் கட்டப்பட்ட கப்பலே. அந்தக் கப்பல்களில் போனவர்கள் பிழைப்புக்குப் போனார்கள். தகரப் பெட்டியோடு மேல்தளத்தில் படுத்துக்கொண்டு போனார்கள். 'மானம் கப்பலேறிவிட்டது' என்று சொல்லும் மொழியில், காசு கொடுத்துச் சும்மா கடலைச் சுற்றிவர ஆள் கிடைக்குமா என்ற சந்தேகம் நியாயமானதுதான். 2011-ல் கிழக்குக் கடற்கரைச் சாலை கானத்தூரிலுள்ள அமெட் பல்கலைக்கழகம் 'அமெட் மெஜஸ்டி' என்ற கப்பலைச் சென்னையிலிருந்து விட்டுப் பார்த்தது. அது நெடுநாள் நிலைக்கவில்லை.

எம்பிரஸ் சென்னைக்கு வந்ததில் பருவக்காற்றுக்கும் பங்குண்டு. தென்மேற்குப் பருவம் தொடங்கினால் அரபிக்கடல் கொந்தளிக்கும். அந்த மாதங்களில் வங்கக் கடலின் இந்தப் பக்கம் ஒப்பீட்டளவில் அமைதி. எனவே மும்பையில் தொழில் படுக்கும் காலத்தில் கிழக்கே வருவது கணக்குக்கு ஒத்துவந்தது. தமிழ்நாடு சுற்றுலாத் துறையின் ஒத்துழைப்போடு நடந்த முதல் பயணத்தை 2022 ஜூன் 4 அன்று முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் கொடியசைத்துத் தொடங்கிவைத்தார். இரண்டு இரவு ஆழ்கடல் வரை போய்த் திரும்புவது ஒன்று. சென்னை, விசாகப்பட்டினம், புதுச்சேரி, சென்னை என்று ஐந்து இரவுப் பயணம் இன்னொன்று. கட்டணத்தில் சாப்பாடு அடக்கம், மது தனி. சமண உணவும் உண்டு. இந்தியாவில் கப்பல் விடுபவர் கார்மென் கூடத்தின் மேல்நாட்டுச் சாப்பாட்டை மட்டும் நம்ப முடியாது.

புதுச்சேரி விவகாரம்

ஐந்து இரவுப் பயணத்தில் விசாகப்பட்டினத்தை முடித்துக்கொண்டு 2022 ஜூன் 10 அன்று கப்பல் புதுச்சேரிக்கு எதிரே வந்து நின்றது. இறங்க அனுமதி கிடைக்கவில்லை. கப்பலில் சூதாட்டக் கூடம் இருக்கிறது, ஊரின் பண்பாடு கெட்டுவிடும் என்று அரசியல் கட்சிகள் முன்பே எதிர்ப்புக் கிளப்பியிருந்தன. பண்பாட்டைப் பாதிக்கும் எதையும் அனுமதிக்க முடியாது என்ற நிலைப்பாட்டை அப்போதைய துணைநிலை ஆளுநர் தமிழிசை சௌந்தரராஜனும் எடுத்தார். கடற்கரைச் சாலையை எட்டாமலேயே பயணிகள் சென்னைக்குத் திரும்பினார்கள்.

எதிர்ப்பில் நியாயம் இருந்ததா என்பது அவரவர் பார்வை. சட்டப்படி ஒரு நாட்டின் எல்லைக் கடல் கரையிலிருந்து 12 கடல் மைல், அதாவது சுமார் 22 கிலோமீட்டர். அதைத் தாண்டிய பிறகே சூதாட்டக் கூடம் திறக்கும் என்பது இத்தகைய கப்பல்கள் சொல்லும் வாதம். தெருவுக்குத் தெரு மதுக்கடை வைத்திருக்கும் ஊர் பண்பாட்டைக் காரணம் காட்டியது திண்டிவனம் பக்கத்தில் பலருக்குச் சிரிப்பாகவே இருந்தது. பிரெஞ்சுக்காரர் கட்டிய கப்பலைப் பிரெஞ்சுக்காரர் ஆண்ட ஊர் வாசலிலேயே நிறுத்தியது வேறொரு வேடிக்கை.

ஆனால் அனுமதி கிடைத்திருந்தாலும் எம்பிரஸ் புதுச்சேரித் துறைமுகத்துக்குள் நுழைந்திருக்க முடியாது. ஏழு மீட்டருக்கு மேல் அமிழும் கப்பலுக்கு அங்கே ஆழமில்லை. அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்திலுள்ள துறைமுகத்தில் மணல் சேர்ந்துகொண்டே இருக்கிறது. தூர்வாரினால்தான் மீன்பிடிப் படகுகளே போய்வர முடியும். பெரிய கப்பல் புதுச்சேரியில் எந்தக் காலத்திலும் கரையை ஒட்டி நின்றதில்லை. பதினெட்டாம் நூற்றாண்டில் புதுச்சேரியில் நாட்குறிப்பு எழுதிய ஆனந்தரங்கப் பிள்ளை காலத்திலும் கப்பல்கள் கடலில் நங்கூரமிட்டு நிற்க, சலங்கு எனப்படும் படகுகள்தான் அலையைக் கடந்து ஆளையும் சரக்கையும் கரை சேர்த்தன. 1866-ல் பிரெஞ்சுக்காரர்கள் கடலுக்குள் நீட்டிக் கட்டிய இரும்புப் பாலம் 1952 புயலில் போனது. அதற்குப் பதில் 1962-ல் திறந்த பாலத்தின் ஒரு பகுதி, எம்பிரஸ் வந்து நிற்பதற்கு மூன்று மாதம் முன்பு, 2022 மார்ச்சில் இடிந்து விழுந்தது.

மூன்றாண்டு கழித்து, 2025 ஜூலை தொடக்கத்தில் எம்பிரஸ் மறுபடியும் வந்தது. எதிர்ப்பு இந்த முறையும் இருந்தது, அனுமதியும் இருந்தது. கப்பல் பழையபடி கடலிலேயே நின்றது. பயணிகள் சிறு படகுகளில் கரைக்கு வந்து, ஊரைச் சுற்றிப் பார்த்துவிட்டு அன்றே திரும்பினார்கள். இப்படி இறங்குவதில் ஒரு நுட்பம் உண்டு. கப்பல் அசையாமல் நிற்கும், பக்கத்தில் படகு மட்டும் அலையோடு ஏறி இறங்கும். படகு மேலே எழும்பிக் கப்பலின் வாசலுக்குச் சமமாக வரும் நொடி பார்த்துக் கால் வைக்க வேண்டும். இருபக்கமும் நிற்கும் ஊழியர்கள் முழங்கைக்குக் கீழே பிடித்து ஒரே அசைவில் மாற்றிவிடுவார்கள். எஞ்சின் வைத்த படகாகிவிட்டதே தவிர, சலங்குக்காரர்கள் செய்த வேலை இதேதான்.

இலங்கைப் பயணம்

2023 ஜூன் 5 அன்று மத்தியக் கப்பல் துறை அமைச்சர் சர்பானந்த சோனோவால் தொடங்கிவைக்க, எம்பிரஸ் சென்னையிலிருந்து இலங்கைக்குப் புறப்பட்டது. அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை ஆகியவை அதன் துறைகள். அந்த மாதம் 16 அன்று காங்கேசன்துறைக்கு முதல்முறையாக வந்துசேர்ந்தது. போர்க்காலம் முழுவதும் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் கிடந்த துறைமுகம் அது. சொகுசுப் பயணிகள் சில மணி நேரம் யாழ்ப்பாணம் பார்த்துப் போனதைவிட, இப்படியொரு கப்பல் அங்கே வந்தது என்பதே அந்த மக்களுக்குப் பெரிய செய்தி.

இப்போது

எம்பிரஸுக்கு 2025-ல் 35 வயது. துணைக்கு நார்வீஜியன் ஸ்கை, நார்வீஜியன் சன் என்ற இரண்டு கப்பல்களை முறையே 2026, 2027 முதல் குத்தகைக்கு எடுக்கப்போவதாக நடத்தும் நிறுவனம் அறிவித்தது. இரண்டும் எம்பிரஸைவிடப் பெரியவை. எனவே புதுச்சேரிக்கு வந்தாலும் கடலில்தான் நிற்கும்.

தண்ணீரில் மிதந்தபடி ஒருவேளை சாப்பிட்டால் போதும் என்பவர்களுக்குச் சென்னைத் துறைமுகமும் இரண்டு இரவும் தேவையில்லை. தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் முட்டுக்காடு படகுத் துறையில் 125 அடி நீளம், 25 அடி அகலத்தில் இரண்டடுக்கு மிதக்கும் உணவகக் கப்பல் ஒன்று ஓடுகிறது. ஒலக்கூரிலிருந்து போகிறவர்கள் திண்டிவனம் வந்து, மரக்காணம் போய், கிழக்குக் கடற்கரைச் சாலையைப் பிடித்து வடக்கே போகலாம். உள்ளே கண்ணாடிக் கூடத்தில் குளிர்சாதனம். காற்று வேண்டுமென்றால் மேல்தளத்தில் உட்காருங்கள்.