மறதி நோயும் பழைய கட்டுரைக் கட்டும்



வயதான ஒருவர் கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்டால், "அறளை பெயர்ந்துவிட்டது" என்று சொல்லி நாம் எழும்பிப் போய்விடுகிறோம். நமக்குப் படிப்பித்த சேர் ஒருவர், ஓய்வுபெற்ற பின், பழகிய சந்தியிலேயே வீட்டுக்கு வழி தெரியாமல் நின்றார். அன்றும் நாம் சிரித்தோம். அந்தச் சிரிப்பு இன்றும் உறுத்துகிறது. அதனால்தான் இந்த வரலாற்றைத் தேடி வாசித்தோம்.

1901 நவம்பரில் ஜேர்மனியின் பிராங்பேர்ட் நகர வைத்தியசாலைக்கு 51 வயதுப் பெண் ஒருவர் கொண்டுவரப்பட்டார். பெயர் ஓகுஸ்ட டீற்றர். வைத்தியர் அலோய்ஸ் அல்சைமர் அவரிடம் பெயரை எழுதச் சொன்னார். "திருமதி" என்பது வரை எழுதினார், மீதி மறந்துபோனது. 1906 ஏப்ரலில் அவர் இறந்ததும் மூளையை நுணுக்குக்காட்டியில் வைத்துப் பார்த்தார் அல்சைமர். நரம்புக் கலங்களுக்கு வெளியே படிவுகள், கலங்களுக்கு உள்ளே முறுக்கிய நார்கள். அவ்வாண்டு நவம்பரில் ரூபிங்கனில் இதை அவர் விளக்கியபோது சபையில் ஒருவரும் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. 1910இல் கிரப்லின் தன் பாடநூலில் நோய்க்கு அல்சைமரின் பெயரைச் சூட்டினார்.

ஆனால், நோயாளியின் வயது 51 என்பதால், இது நடுவயதினருக்கு வரும் அபூர்வ நோய் என்றே பல தசாப்தங்கள் எண்ணினார்கள். முதியவரின் மறதி வெறும் முதுமையாகவே கணிக்கப்பட்டது. 1960களில் இங்கிலாந்தின் நியூகாசிலில் முதியோரின் மூளைகளை ஆராய்ந்தபோதுதான் அதே படிவுகள் அங்கும் இருப்பது தெளிவாகியது. நோய் என்று தெரிந்த பிறகுதான் தடுக்கலாமா என்ற கேள்வியும் வந்தது.

ஆசிரியர்களாகிய நம்மை அதிகம் கவர்ந்தது அடுத்த கட்டம். 1986இல் அமெரிக்காவின் மின்னசோட்டாவில் டேவிட் ஸ்னோடன் என்ற ஆய்வாளர் கத்தோலிக்க அருட்சகோதரிகளிடம் ஓர் ஆய்வைத் தொடங்கினார். அவர்களில் பெரும்பாலானோர் ஆசிரியைகள். 75 வயதைக் கடந்த 678 பேர் இணைந்தார்கள். ஆண்டுதோறும் ஞாபகப் பரிசோதனைக்கு உட்படவும், இறந்தபின் மூளையைத் தானமாக வழங்கவும் சம்மதித்தார்கள். ஒரே உணவு, ஒரே வாழ்க்கை முறை, புகைத்தல் இல்லை. ஆகவே ஒப்பிடுவது இலகுவாயிற்று.

மடத்தின் சுவடிகளில் ஒரு புதையலும் கிடைத்தது. சுமார் 22 வயதில், இறுதி வாக்குறுதிக்கு முன் அவர்கள் கையால் எழுதிய சுயசரிதைக் கட்டுரைகள். "எங்கள் வீடு பெரியது" என்று எழுதுவதற்கும், அந்த வீட்டை யார் கட்டினார், ஏன் அங்கு வந்தோம் என்பதை ஒரே வசனத்தில் கோர்ப்பதற்கும் வித்தியாசம் உண்டல்லவா? பத்துச் சொற்களில் எத்தனை கருத்துகள் என்று எண்ணினார்கள். 1996இல் வெளியான முடிவின்படி, இளமையில் கருத்துச் செறிவு குறைவாக எழுதியவர்களிடமே முதுமையில் ஞாபகத் தேய்வு அதிகம். இங்கே நாம் அவசரப்படக்கூடாது. ஆராயப்பட்ட கட்டுரைகள் 93 மட்டுமே. நல்ல மொழி மூளையைக் காத்ததா, அல்லது நோயின் மெல்லிய நிழல் அப்போதே விழுந்திருந்ததா என்பது இன்னும் விவாதம்தான்.

இன்னொரு புதிரும் உண்டு. மேரி என்ற சகோதரி 101 வயதில் இறக்கும்வரை பரிசோதனைகளில் நல்ல புள்ளிகள் பெற்றார். அவரது மூளையிலோ அல்சைமர் படிவுகள் நிறைய இருந்தன. படிவு இருந்தும் நோய் வெளிப்படவில்லை. 1997இல் இன்னொன்று தெரிந்தது: படிவுகளோடு சிறு பக்கவாதங்களும் சேர்ந்த மூளைகளிலேயே ஞாபகம் அதிகம் சிதைந்திருந்தது. அதாவது பிரஷரையும் சீனி வருத்தத்தையும் கவனிப்பது மூளையைக் கவனிப்பதும்தான்.

2024இல் லான்செட் ஆணைக்குழு 14 காரணிகளைப் பட்டியலிட்டது. குறைந்த கல்வி, கேள்திறன் இழப்பு, உயர் இரத்த அழுத்தம், நீரிழிவு, புகைத்தல், தனிமை ஆகியவை அவற்றில் அடங்கும். அனைத்தையும் சரிசெய்தால் ஏறத்தாழ 45 வீதமான ஞாபகத் தேய்வைத் தடுக்கவோ தாமதிக்கவோ முடியும் என்பது கணிப்பு. மிகுதி இன்னும் நம் கையில் இல்லை. ஆகவே நோய் வந்தவரைப் பார்த்து, "கவனமாக இருந்திருக்கலாமே" என்று சொல்ல எவருக்கும் உரிமையில்லை.

காது கேளாத மூத்தம்மாவுக்குக் கேட்கும் கருவி வாங்கிக் கொடுப்போம். தனித்திருக்கும் வாப்பாவின் பக்கத்தில் அமர்வோம். கேட்டதையே கேட்டால், முதல் தடவை போலவே பதில் சொல்வோம். அந்த சேரை நாமும் இந்த வெள்ளிக்கிழமை பார்க்கப் போகிறோம். நம் பெயர் அவருக்கு நினைவில்லாவிட்டால், நாமே சொல்லிக்கொள்வோம்.