இளைஞர் பணியும் பெரியோர் பொறுப்பும்: இலங்கை முஸ்லிம்களின் வரலாறு தரும் பாடம்

அளவற்ற அருளாளனும் நிகரற்ற அன்புடையோனுமாகிய அல்லாஹ்வின் திருப்பெயரால்...

நம் மஹல்லாக்களில் இளைஞர்களுக்கென ஒரு நற்பணி தொடங்கும்போது, அதனை வழிநடத்தப் பெரியோர் சிலர் ஊதியமின்றிப் பொறுப்பேற்கின்றனர். அப்பொறுப்பு ஓர் அமானிதம். ஆயினும் அதனைச் சுமப்பதில் இரு தவறுகள் நேர்வதுண்டு. ஒரு சாரார் எல்லா முடிவுகளையும் தாமே எடுத்து, இளைஞர்களை நாற்காலி அடுக்கவும் உணவு பரிமாறவும் மட்டும் அழைக்கின்றனர். மறு சாரார் பெயரளவில் பதவியில் இருந்துகொண்டு, இளைஞர்களைத் தனியே விட்டுவிடுகின்றனர். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட நேர்வழியை வரலாறு நமக்குக் காட்டுகிறது.

நபி (ஸல்) அவர்கள், மூத்த ஸஹாபாக்கள் அடங்கிய படைக்கு இளைஞரான உஸாமா பின் ஸைத் (ரலி) அவர்களைத் தளபதியாக நியமித்தார்கள். நபியவர்களின் மறைவுக்குப் பின் அப்படையை வழியனுப்பிய கலீஃபா அபூபக்ர் (ரலி) அவர்கள், வாகனத்தில் அமர்ந்திருந்த உஸாமாவுடன் தாம் கால்நடையாகச் சென்றார்கள். ஆலோசனைக்காக உமர் (ரலி) அவர்களைத் தம்மிடம் மதீனாவில் விட்டுச்செல்ல இயலுமா என்று அத்தளபதியிடமே அனுமதி கேட்டார்கள். ஆட்சித் தலைவர் தாமே நினைத்திருந்தால் உத்தரவிட்டிருக்கலாம். ஆனால் இளைஞரிடம் ஒப்படைத்த அதிகாரத்தை அவர்கள் மதித்தார்கள்.

இந்த முன்மாதிரியை மனத்திற்கொண்டு, அண்மைக் கால வரலாறு ஒன்றை நோக்குவோம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இலங்கை முஸ்லிம்கள் ஆங்கிலக் கல்வியில் பெரிதும் பின்தங்கியிருந்தனர். மிஷனரிப் பள்ளிகளுக்குப் பிள்ளைகளை அனுப்பினால் ஈமானுக்கு ஊறு நேருமோ என்னும் அச்சமே அதற்கு முக்கியக் காரணம். இந்நிலையை மாற்ற முன்வந்தவர்களுள் தலையாயவர் கண்டியைச் சேர்ந்த வழக்கறிஞர் எம்.ஸி. சித்திலெப்பை அவர்கள். 1882இல் ‘முஸ்லிம் நேசன்’ இதழைத் தொடங்கி, கல்வியின் தேவையைத் தமிழில் எடுத்துரைத்தார். 1883இல் எகிப்திலிருந்து நாடுகடத்தப்பட்டு இலங்கை வந்த அறபி பாஷா அவர்கள் அம்முயற்சிக்கு ஊக்கமளித்தார். கொழும்பில் பெரும் கட்டடங்களை எழுப்பிய வாப்பிச்சி மரைக்காயர் அவர்களும் துணைநின்றார். 1892இல் மருதானைப் பள்ளிவாசலைச் சார்ந்து ஒரு பாடசாலை உருவாயிற்று. அதுவே பின்னர் ஸாஹிறாக் கல்லூரியாக வளர்ந்தது. ஒருவர் எழுத்தையும், ஒருவர் செல்வாக்கையும், ஒருவர் தொழில் அனுபவத்தையும் தந்தனர். எவரும் தம்மிடம் இல்லாததைத் தேடி நிற்கவில்லை.

அடுத்த தலைமுறையில் ஏ.எம்.ஏ. அஸீஸ் அவர்களைக் காண்கிறோம். 1911இல் யாழ்ப்பாணத்தில் பிறந்த அவர், இலங்கை சிவில் சேவையில் இணைந்த முதல் முஸ்லிம். உலகப் போர்க் காலத்தில் கல்முனையில் அரசுப் பணியாற்றியபோது, கிழக்கிலங்கை முஸ்லிம்களின் வறுமையையும் கல்விக் குறைவையும் நேரில் கண்டார். பாடசாலை இருந்தால் மட்டும் போதாது, ஏழை மாணவன் அதன் வாயிலை அடையவும் வழி வேண்டும் என்பது அங்கு விளங்கிற்று. 1945இல் இலங்கை முஸ்லிம் புலமைப்பரிசில் நிதி நிறுவப்பட அவர் முன்னின்றார். 1948இல் உயர் அரசுப் பதவியைத் துறந்து ஸாஹிறாவின் அதிபரானார்.

1950இல் மூன்றாவது படியும் எடுத்து வைக்கப்பட்டது. முஸ்லிம் வாலிபர் சங்கங்களை ஒன்றிணைத்து, அகில இலங்கை வை.எம்.எம்.ஏ. பேரவை அவரது முயற்சியால் உருவாயிற்று. ஸாஹிறாவும் புலமைப்பரிசில் நிதியும் இளைஞருக்காகப் பெரியோர் செய்தவை. வாலிபர் சங்கமோ, இளைஞர்கள் தாமே கூடி, கலந்தாலோசித்து, தம் ஊருக்குப் பணியாற்றக் களம் அமைத்தது. பெரியோர் செய்யும் பணியின் நிறைவு இதுவே: பயன்பெற்ற இளைஞன் பயனளிப்பவனாக மாறுதல்.

இவ்வரலாற்றின் முன் நின்று, பொறுப்பிலுள்ள நாம் சிலவற்றை எண்ணிப் பார்க்கக் கடமைப்பட்டுள்ளோம். நம் ஆலோசனைக் கூட்டங்களில் ஓர் இளைஞனாவது அமர்ந்திருக்கிறானா? அவன் கருத்துச் சொல்லும்போது நாம் செவிமடுக்கிறோமா? உமர் (ரலி) அவர்கள் பத்ருப் போரில் பங்கேற்ற பெரியோரின் அவையில் இளைஞரான இப்னு அப்பாஸ் (ரலி) அவர்களை அமர்த்தியபோது, சிலர் அதனை விரும்பவில்லை. கலீஃபாவோ ‘அந்நஸ்ர்’ அத்தியாயத்தின் கருத்தை அனைவரிடமும் கேட்டு, அவ்விளைஞரின் அறிவை அவர்களே உணரச் செய்தார்கள். வரவு செலவுக் கணக்கைப் பார்க்கவும், ஒரு நிகழ்ச்சியை முழுமையாகப் பொறுப்பேற்று நடத்தவும் நம் இளைஞருக்கு வாய்ப்பளிப்போம். அவர்கள் தடுமாறும் இடத்தில் அருகில் நிற்போம். பலர் முன்னிலையில் கடிந்துகொள்ளாதிருப்போம்.

குர்ஆனில் ஓர் அத்தியாயமே ‘ஷூரா’ என்னும் பெயர் தாங்கி நிற்கிறது. கலந்தாலோசனை என்பது வயது முதிர்ந்தோர்க்கு மட்டும் உரிய சலுகையன்று. நாம் வகிக்கும் பதவி ஒரு நாள் நம்மை விட்டு நீங்கும். அந்நாளில் அதனை ஏற்கத் தகுதியுள்ள இளைஞர் நால்வரையேனும் உருவாக்கியிருந்தால், அமானிதத்தை உரியவரிடம் ஒப்படைத்தவர்களாவோம்.

நம் முன்னோரின் நற்பணிகளை அல்லாஹ் ஏற்றருள்வானாக! நம் இளைஞர்களை இச்சமுதாயத்தின் கண்குளிர்ச்சியாக ஆக்கியருள்வானாக! ஆமீன்.