வீட்டிலேயே விண்ட் டனல்... தேன்கூட்டுத் துண்டுக்கு எங்கே போவது?

பிள்ளைகளின் சயின்ஸ் ப்ராஜெக்ட்டுக்கு விண்ட் டனல் செய்யப்போறீங்களா? டேபிள் ஃபேன் காற்று சுழன்றுதான் வரும். அதை நேராக்க, ஃபேனுக்கும் மாடலுக்கும் நடுவே தேன்கூடு மாதிரியான தடுப்பு வேணும்.

ஏர்கூலர் கடையில் கிடைக்கும் ஹனிகோம்ப் பேடை வாங்கிடாதீங்க. அதன் துளைகள் சாய்வாக இருப்பதால் காற்று நேராகாது. கையளவு துண்டுக்காக அலுமினிய ஷீட் வாங்குவதும் வீண் செலவு.

பேப்பர் ஸ்ட்ராவே போதும். துளையின் அகலத்தைப்போல 6 முதல் 8 மடங்கு நீளம் இருக்கணும். அதாவது, 6 மி.மீ ஸ்ட்ரா என்றால் சுமார் 4 செ.மீ துண்டுகளாக நறுக்குங்கள். அட்டைச் சட்டத்துக்குள் இடைவெளியில்லாமல் அடுக்கி, பசை தடவுங்கள்.

காய்ந்ததும் ஃபேனை மெதுவாக ஓடவிட்டு, ஸ்ட்ராவுக்கு முன்னால் சற்றுத் தள்ளி ஊதுபத்தியைப் பிடியுங்கள். புகை சுழலாமல் கோடுபோல நகர்ந்தால், ப்ராஜெக்ட் ரெடி!